ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த பெட்டி

அமெரிக்காவில் பழைய சாமான் விற்கும் கடைகளில் எப்போதாவது ஒரு பெட்டி அகப்படும். பிரயாணப் பெட்டிக்கு ஒட்டுகிற முரட்டு மஞ்சள் துணி அதன் மேல் ஒட்டியிருக்கும். ஓரங்களில் துணி நைந்து போயிருக்கும். தூக்கிச் செல்ல மேலே ஒரு தோல் கைப்பிடி. பார்த்தால் ஏதோ பழைய வால்வு ரேடியோ என்றுதான் எண்ணத் தோன்றும்.

விஷயம் தெரிந்தவர் விலை கேட்பதற்கு முன்னால் அதைத் திருப்பி வைத்து முதுகுப் பக்கத்தைப் பார்ப்பார். உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தில் இரண்டே இரண்டு எழுத்துக்களைத் தேடுவார். அவை கண்ணில் பட்டால் முகம் மலர்ந்து விடும். கடைக்காரருக்கும் விஷயம் தெரிந்திருந்தால் பல ஆயிரம் டாலரை எண்ணி வைக்க வேண்டியதுதான்.

அந்தப் பெட்டி, கிதாரின் ஓசையைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப்ளிபயர். செய்தவர் லியோ ஃபெண்டர். மின்சாரக் கிதார் ஒலிக்கிற ஊர்களில் எல்லாம் இவர் பெயர் தெரியும். ஆனால் இவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. சுருதி கூட்டவும் தெரியாது!

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, கலிபோர்னியா மாகாணத்தில் அனாஹைம், புல்லர்ட்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் லியோ பிறந்தார். பெற்றோர் பயிர்த்தொழில் செய்பவர்கள். கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது முழுப் பெயர்.

எட்டு வயதில் ஒரு துன்பம் வந்தது. இடது கண்ணில் கட்டி. கண்ணையே எடுத்து விட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். பின்னால் இரண்டாவது உலகப் போர் வந்தபோது இவரைப் பட்டாளத்துக்கு எடுக்காததற்கு அந்தக் கண்தான் காரணம்.

சிறு வயதில், ஜான் வெஸ்ட் என்ற உறவினர் நடத்தி வந்த கடைக்குப் போனார். சாண்டா மரியா என்ற ஊரில் மோட்டார் கார்களின் மின்சார வேலைகளைச் செய்யும் கடை அது. வெஸ்ட் தாமே ஒரு ரேடியோ செய்து வைத்திருந்தார். அதன் ஸ்பீக்கரிலிருந்து பாட்டு முழங்கியது. பையன் அசந்து நின்றான். அந்த ஓசை கடைசி வரையில் தம் மனத்தை விட்டு நீங்கவில்லை என்று பிற்காலத்தில் லியோ சொல்வாராம். ஊர் திரும்பியதும் வீட்டு மூலையில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார்.

ஆனால் படித்தது கணக்கு. காலேஜில் கணக்கு வைக்கும் படிப்பை எடுத்துக் கொண்டார். மின்சாரத்தைப் பற்றிப் பள்ளியிலோ காலேஜிலோ முறையாகப் படித்தவர் அல்ல. படிப்பு முடிந்ததும் ஓர் ஐஸ் கம்பெனியில் சரக்கு கொண்டு போய்ப் போடும் வேலை. பிறகு அங்கேயே கணக்கு வேலை. 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். மாகாண நெடுஞ்சாலை இலாகாவில் கணக்கர் உத்தியோகம் கிடைத்தது. நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. அந்த உத்தியோகம் போயிற்று. அடுத்து ஒரு டயர் கம்பெனியில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் அதுவும் போயிற்று.

அந்த இரண்டு வேலைகளும் நிலைத்திருந்தால் லியோ ஒரு தலைமைக் கணக்கராகப் பென்ஷன் வாங்கியிருப்பார். நாம் இதை எழுத வேண்டி வந்திராது!

600 டாலர் கடன்

1938-ல் 600 டாலர் கடன் வாங்கிக் கொண்டு புல்லர்ட்டன் திரும்பினார். ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்று ஒரு கடை போட்டார். ரேடியோ ரிப்பேர், இசைத் தட்டு விற்பனை, கூட்டங்களுக்கும் நடனங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. நம் ஊரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வைக்கிறார்களே, அதே தொழில்தான்.

வாத்தியக்காரர்கள் தங்கள் ஆம்ப்ளிபயர்களையும் அங்கே ரிப்பேருக்குக் கொண்டு வந்தார்கள். லியோ ஒவ்வொன்றையும் கழற்றினார். உள்ளே பார்த்தால் ஒரே சிக்கல். ஒரு சிறு பாகத்தை மாற்ற நாலு பாகங்களைப் பெயர்க்க வேண்டும். மேடையில் அடிபட்டு, லாரியில் உருண்டு, மழையில் நனைந்து வரும் சாமானை இப்படியா செய்வது என்று அவருக்குத் தோன்றியது.

பின்னால் அவர் செய்த பெட்டிகளின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. அவை சங்கீத வித்வான் செய்த பெட்டிகள் அல்ல. விஞ்ஞானி செய்தவையும் அல்ல. ஒரு ரிப்பேர்க்காரர், நாளைக்கு இதைத் திறக்கப் போகும் இன்னொரு ரிப்பேர்க்காரரை நினைத்துச் செய்தவை.

டாக் காஃப்மன் என்ற வாத்திய வினைஞரோடு சேர்ந்து 1945-ல் ஒரு சிறு தொழில் தொடங்கினார். மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிதார்களும் அவற்றுக்கு வேண்டிய ஆம்ப்ளிபயர்களும் செய்தார்கள். லியோ ராத்திரி பகல் பார்க்காமல் உழைப்பார். லாபத்தை எல்லாம் தொழிலிலேயே போடுவார். கடன் ஏறிக்கொண்டே போனது. காஃப்மனுக்குப் பயம் வந்து விட்டது. அடுத்த வருஷமே விலகிக் கொண்டார். தம் பங்குக்கு ஈடாக ஒரு சின்ன பிரஸ் இயந்திரத்தை வாங்கிக் கொண்டு போனாராம். அந்தப் பாதிப் பங்கு பின்னால் என்ன பெறும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

லியோ தனியாக நின்றார். ஃபெண்டர் மின்சார வாத்தியக் கம்பெனி என்று பெயர் வைத்தார். தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கத் திண்டாடிய வாரங்கள் உண்டு. டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எஸ்தரின் சம்பளம்தான் பல சமயம் குடும்பத்தைக் காப்பாற்றியது.

பெட்டியின் முதுகில் ஜாதகம்

பெட்டிக்கு வருவோம்.

லியோவின் பெட்டியில் பின் பலகையைத் திருகாணி கழற்றி எடுத்து விடலாம். வால்வுகள் கைக்கு எட்டும். இன்னும் சில திருகாணிகளைக் கழற்றினால் மின்சாரப் பகுதி முழுவதும் ஒரு தகரத் தட்டாக வெளியே வந்து விடும். கண்டன்சர், ரெசிஸ்டர் எல்லாம் ஒரு நாரட்டையின் மேல் வரிசையாக, கையால் பற்ற வைத்து நிற்கும். எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். அதனால்தான் அறுபது எழுபது வருஷம் ஆன பெட்டிகளும் பாடிக்கொண்டிருக்கின்றன. வேறு எந்தக் காரணத்தையும் நான் இதற்குச் சமமாகச் சொல்ல மாட்டேன்.

பெட்டிக்குள்ளே ஒரு காகிதம். எந்த இடத்தில் எந்த வால்வு என்று அதில் அச்சடித்திருக்கும். 1950-களிலும் 1960-களிலும் செய்த பெட்டிகளில், இந்தக் காகிதத்தில் ரப்பர் முத்திரையால் இரண்டு ஆங்கில எழுத்துக்களைக் குத்தினார்கள். முதல் எழுத்து வருஷம். ஏ என்றால் 1951, பி என்றால் 1952, இப்படியே மேலே போகும். இரண்டாவது எழுத்து மாதம். ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆகவே ஐ, எச் என்று இருந்தால் அந்தப் பெட்டி 1959 ஆகஸ்டில் பிறந்தது. அதே காகிதத்தில் மாடல் எண்ணும் உண்டு. 5எஃப்6-ஏ என்று இருந்தால், 5 என்பது 1950-களையும், எஃப் என்பது மின்வரைபடம் எத்தனையாவது முறை திருத்தப்பட்டது என்பதையும், 6 என்பது பாஸ்மன் என்ற மாடலையும், கடைசி ஏ என்பது அதற்கும் பிறகு செய்த சிறு திருத்தத்தையும் குறிக்கும்.

காகிதத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாறுவார். அதே மாதிரி காகிதத்தைப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். பழைய காகிதம் ஒட்டிய பெட்டியில் வேறு மின்சாரத் தட்டு மாட்டியிருப்பதும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் மற்றப் பாகங்களையும் சாட்சிக்கு அழைப்பார்கள்.

அமெரிக்காவில் பாகங்கள் செய்யும் கம்பெனிகளுக்கு ஆளுக்கு ஒரு எண் உண்டு. ஸ்பீக்கர் செய்த ஜென்ஸன் கம்பெனிக்கு 220. டிரான்ஸ்பார்மர் செய்த ஷூமாக்கர் கம்பெனிக்கு 606. ஓசையைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல்கள் செய்த ஸ்டாக்போலுக்கு 304. ஸ்பீக்கரின் இரும்பு விளிம்பில் 220832 என்று குத்தியிருந்தால், அது ஜென்ஸன் கம்பெனி 1958-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. எட்டு என்பது 1948-ஆகவும் இருக்கலாமே என்றால், பெட்டியின் மாடலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

பாகங்களின் தேதி பெட்டியின் முத்திரைக்குக் கொஞ்சம் முந்தியதாக இருப்பதே இயற்கை. சில வாரம், சில மாதம் முந்தியிருக்கலாம். பெட்டி 1959, அதிலுள்ள டிரான்ஸ்பார்மர் 1964 என்றால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதால் பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. விலை குறைய வேண்டும் என்றுதான் அர்த்தம்.

பற்ற வைத்த இடங்களும் பேசும். ஐம்பது வருஷத்துப் பற்று மங்கிப் போயிருக்கும். ஒரே இடத்தில் மட்டும் பளபளவென்று இருந்தால் அங்கே பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது. மேலே புதுத் துணி ஒட்டியிருந்தாலும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை மாற்றியிருந்தாலும் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். வாசிப்பதற்காக வாங்குகிறவர்களுக்கு அது பெரிய லாபம்! வால்வு மாற்றியதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை. வால்வு விளக்குத் திரி மாதிரி. தீர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றும் தகரத் தட்டின் உள்ளே அகப்படும். சிறு துண்டுப் பசை நாடா. அதில் ஒரு பெண்ணின் பெயர். லியோவின் தொழிற்சாலையில் பற்ற வைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். மெக்ஸிகோ வம்சத்துப் பெண்கள் பலர். வேலை முடித்ததற்கு அடையாளமாகத் தம் பெயரை எழுதி உள்ளே ஒட்டினார்கள். முதலாளியின் பெயர் பெட்டியின் முன்னே பளபளவென்று இருக்கும். செய்தவளின் பெயர் உள்ளே இருட்டில் இருக்கும். இன்றைக்கு வாங்குகிறவர்கள் அந்தத் துண்டு நாடா கிழியாமல் இருந்தால் அதற்கும் மகிழ்ந்து போகிறார்கள்.

மேடையில் ஏறும் மெக்கானிக்

1950-ல் பலகைக் கிதாரைச் சந்தைக்குக் கொண்டு வந்தார் லியோ. முதலில் வைத்த பெயரில் வேறு ஒரு கம்பெனியோடு தகராறு வந்ததால், 1951-ல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார். அதே வருஷம் மின்சார பாஸ் கிதார். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதி விட்டார்கள். நாம் பெட்டியோடு நிற்போம்.

லியோவின் வழக்கம் விசித்திரமானது. புதிதாக ஒரு பெட்டி செய்தால், வாத்தியக்காரர் ஒருவரிடம் கொடுத்து மேடையில் அடித்து நொறுக்கச் சொல்லுவார். தாமும் நடன மண்டபத்துக்குப் போவார். கச்சேரி நடந்து கொண்டிருக்கும். ஓசையில் ஏதாவது குறை காதில் பட்டால் பொறுக்க மாட்டார். மேடை ஏறிப் பெட்டியைத் திருக ஆரம்பித்து விடுவார். பாட்டு நடக்கிறதே, சபை பார்க்கிறதே என்ற கூச்சம் கிடையாது. அவருக்குப் பிடித்தது நாட்டுப்புறப் பாட்டு. தெள்ளத் தெளிவாக, கணீரென்று, கரகரப்பில்லாமல் கேட்க வேண்டும். அதுதான் அவர் லட்சியம்.

பாஸ் கிதாருக்கு என்று 1952-ல் பாஸ்மன் ஆம்ப்ளிபயர் வந்தது. சில வருஷத்தில் அதில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கைப் பொருத்தினார். பாஸ் கிதாருக்கு அது முழுப் பொருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் சாதாரணக் கிதார்க்காரர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். ஓசைக் குமிழைக் கடைசி வரையில் திருகினார்கள். ஓசை உடைந்து கரகரத்தது. லியோ எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ, அந்தக் கரகரப்பையே அவர்கள் விரும்பினார்கள்! புதிய தலைமுறையின் சங்கீதம் அதிலிருந்துதான் கிளம்பியது.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் வாத்தியக் கடை வைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து ஆம்ப்ளிபயர் தருவித்தால் விலை அதிகமாகிறது. 1962-ல் அவருடைய ஆட்கள் பாஸ்மனின் மின்வரைபடத்தையே வைத்துக் கொண்டு அங்கே கிடைத்த பாகங்களால் ஒரு பெட்டி செய்தார்கள். இன்று உலகமறிந்த மார்ஷல் ஆம்ப்ளிபயரின் பிறப்பு அதுவே. லியோவின் வரைபடங்கள் பூட்டி வைத்த ரகசியம் அல்ல. ரிப்பேர்க்காரர்களுக்கு உதவட்டும் என்று வெளியே உலாவியவை. அவருமே ஆரம்பத்தில் வால்வுக் கம்பெனிகள் வெளியிட்ட புத்தகங்களைப் பார்த்துத்தான் கற்றுக் கொண்டார்.

புல்லர்ட்டனுக்குக் கொஞ்ச தூரத்தில், பால்போவா கடற்கரையில், ராண்டெவூ என்ற நடன மண்டபம். அங்கே டிக் டேல் என்ற இளைஞர் வாசித்தார். கூட்டம் ஆயிரக்கணக்கில் கூடும். லியோ கொடுத்த ஆம்ப்ளிபயர்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தீர்த்தார். இந்தப் பையன் எதற்காக இவ்வளவு சத்தம் வைக்கிறான் என்று லியோவுக்கு விளங்கவில்லை. தம் உதவியாளர் பிரெடி டவாரஸுடன் ஒரு நாள் நேரில் போய்க் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார். ஜனங்களின் உடம்பே ஓசையை உறிஞ்சிக் கொள்கிறது என்பதை அப்போது கண்டு கொண்டார். திரும்பிப் போய்ப் பெரிய டிரான்ஸ்பார்மரும் பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் வைத்து ஷோமன் என்ற பெட்டியைச் செய்தார்.

1960-லிருந்து பெட்டிகளின் உடை மாறியது. மஞ்சள் துணி போய்ப் பழுப்பு ரெக்ஸின். 1963-ல் கறுப்பு. அந்த வருஷமே எதிரொலி உண்டாக்கும் சாதனத்தையும் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். ஒரு வேடிக்கை. ஓசையின் பலம் ஏறி இறங்குவதற்கு டிரெமலோ என்றும், சுருதி ஏறி இறங்குவதற்கு வைப்ரேட்டோ என்றும் பெயர். லியோ தம் கிதார்களிலும் பெட்டிகளிலும் இரண்டையும் நேர்மாறாக மாற்றி எழுதி விட்டார். அந்தத் தவறு இன்று வரையில் அப்படியே நிலைத்து நிற்கிறது. வாத்தியம் தெரியாதவர் பெயர் வைத்தால் வேறு எப்படி இருக்கும்!

பெயரை விற்றார்

1950-களின் நடுவிலிருந்து லியோவை ஒரு நோய் வாட்டியது. மூக்கையும் நெற்றியையும் ஒட்டிய எலும்பறைகளில் கிருமி புகுந்து தீராத சீழ். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. உடம்பு தளர்ந்தது. தாம் அதிக நாள் இருக்கப் போவதில்லை என்று முடிவு கட்டினார். குழந்தைகள் இல்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள். கம்பெனியை யார் கையிலாவது ஒப்படைக்க வேண்டும்.

1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய ரேடியோ டெலிவிஷன் கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே சி.பி.எஸ். முந்திய வருஷம் நியூயார்க்கின் புகழ் பெற்ற பேஸ்பால் கோஷ்டியான யாங்கீஸில் நூற்றுக்கு எண்பது பங்கு வாங்கியிருந்தது. அதற்குக் கொடுத்தது 1 கோடியே 12 லட்சம். ரேடியோ ரிப்பேர்க்காரரின் கடைக்கு அதைவிடக் கூடுதல் விலை!

தொழிற்சாலை போயிற்று. இயந்திரங்கள் போயின. கூடவே ஃபெண்டர் என்ற பெயரும் போயிற்று. பத்து வருஷத்துக்குப் போட்டித் தொழில் செய்வதில்லை என்றும் எழுதிக் கொடுத்தார்.

பெட்டி வாங்குகிறவர்கள் எழுத்துக்களைத் தேடுவதற்குப் பெரிய காரணம் இந்த விற்பனைதான். என், எல் என்று முத்திரை இருந்தால் 1964 டிசம்பர். லியோவின் காலம். ஓ, ஏ என்று இருந்தால் 1965 ஜனவரி. சி.பி.எஸ். காலம். ஒரு மாத வித்தியாசத்துக்கு விலையில் வித்தியாசம்! கறுப்புப் பெட்டிகளின் முகப்பிலும் இதற்குச் சாட்சி உண்டு. லியோ காலத்து முகப்பில் மின்சார வாத்தியக் கம்பெனி என்ற பழைய பெயர் சுருக்கமாக இருக்கும். 1965-க்குள்ளேயே அது இசைக் கருவிகள் என்று மாறி விட்டது.

நியாயமாகப் பார்த்தால் இதில் கொஞ்சம் மயக்கமும் இருக்கிறது. சி.பி.எஸ். வந்த மறுநாளே பெண்கள் பற்ற வைக்க மறந்து விடவில்லை. அதே பாகங்கள், அதே வரைபடம், அதே கைகள். 1966, 1967-ல் செய்த கறுப்புப் பெட்டிகள் பழையவற்றுக்கு இளைத்தவை அல்ல. குறைந்த விலையில் நல்ல சாமான் வேண்டுவோர் அவற்றைத்தான் வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கெடுதல் மெள்ள மெள்ளத்தான் வந்தது. 1966-ல் வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களை அவசரமாகக் கொண்டு வந்தார்கள். அவை ரிப்பேருக்குத் திரும்பி வந்தபடி இருந்தன. லியோவின் தொழிற்சாலை நிர்வாகியாக இருந்த பாரஸ்ட் ஒயிட் அந்தப் பெட்டிகளுக்கு உடன்பட மனமில்லாமல் வேலையை உதறினார். 1968 வாக்கில் முகப்பு வெள்ளி நிறமாயிற்று. வரைபடங்களிலும் கை வைத்தார்கள்.

அந்த 1968-ல்தான் விதி லியோவோடு விளையாடியது. வேறு ஒரு டாக்டரிடம் போனார். அவர் கிருமியைக் கொல்லும் மருந்தைப் பெரிய அளவில் கொடுத்தார். பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாக வாட்டிய நோய் பறந்து விட்டது. சாகப் போகிறோம் என்று எண்ணித் தொழிலை விற்றவர், முழு ஆரோக்கியத்தோடு எழுந்து உட்கார்ந்தார். வயது 59. கையில் ஏராளமான பணம். தொழில் செய்யத்தான் அனுமதி இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் படகு வாங்கிக் கொண்டு கடலில் உல்லாசமாகத் திரிந்திருப்பார். லியோவுக்குப் படகும் பிடிக்கும். ஆனால் பட்டறை இல்லாமல் இருக்க முடியாது. பாரஸ்ட் ஒயிட்டும் டாம் வாக்கரும் 1970-களின் தொடக்கத்தில் புதுக் கம்பெனி ஆரம்பித்தபோது வெளியே தெரியாமல் பணம் போட்டார். பத்து வருஷக் கெடு முடிந்ததும் 1975-ல் அதற்குத் தலைவரானார். மியூசிக் மேன் என்பது அந்தக் கம்பெனி. முதலில் அது விற்றது ஆம்ப்ளிபயர்கள்தான். முன்பகுதியில் டிரான்சிஸ்டர், ஓசையைத் தள்ளும் பின்பகுதியில் வால்வு. பழைய ஃபெண்டர் விலை எட்டாதவர்கள் இந்தப் பெட்டிகளைத் தேடலாம். செய்தவர் ஒரே மனிதர். பெயர்தான் வேறு.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை

எந்தப் பழைய வால்வுப் பெட்டியானாலும், பல வருஷம் தூங்கியதை உடனே பிளக்கில் செருகக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்கள் உலர்ந்து போயிருக்கும். திடீரென்று மின்சாரம் பாய்ந்தால் அவை வெடிக்கலாம். டிரான்ஸ்பார்மரையும் கூட இழுத்துக் கொண்டு போகலாம். முதலில் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். மூடியைக் கழற்றித் தாமே கை வைப்பது ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டன்சர்களில் நானூறு வோல்ட் வரையில் தங்கி நிற்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் பிளக்குக்கு இரண்டே முனை. தரைக் கம்பி கிடையாது. மின் கம்பிக்கும் தகரத் தட்டுக்கும் நடுவே ஒரு சிறு கண்டன்சர் உண்டு. அது பழுதானால் தகரத் தட்டு முழுவதும் மின்சாரம் பாயும். கிதார்க் கம்பியில் கை, மைக்கில் உதடு. ஷாக் அடித்து மேடையிலேயே விழ வேண்டியதுதான். மூன்று முனை பிளக் போட்டு அந்தக் கண்டன்சரை எடுத்து விடுவதே முறை. பழமை கெடுகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். உயிரை விடவா பழமை? அமெரிக்கப் பெட்டி 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம் நாட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கடைசி நாள் வரையில்

1979-ல் எஸ்தர் புற்று நோயால் இறந்தார். நாற்பத்தைந்து வருஷத் துணை. லியோ இடிந்து போனார். மறு வருஷம் பில்லிஸ் என்ற பெண்ணை மணந்து கொண்டார். அந்தச் சமயத்தில் மியூசிக் மேன் கூட்டாளிகளோடு மனக்கசப்பு ஏற்பட்டு, பழைய நண்பர் ஜார்ஜ் புல்லர்ட்டனுடன் ஜி. அண்டு எல். என்ற மூன்றாவது கம்பெனியைத் தொடங்கினார். ஜி. என்பது ஜார்ஜ், எல். என்பது லியோ. தம் குடும்பப் பெயரைப் போடத்தான் உரிமை இல்லையே. முதல் எழுத்தோடு நிறுத்திக் கொண்டார்.

1985-ல் சி.பி.எஸ். அலுத்துப் போய் ஃபெண்டர் கம்பெனியை அங்கே வேலை பார்த்தவர்களுக்கே விற்று விட்டது. விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய விலைகூடத் தேறவில்லை. புதிய முதலாளிகள் பிற்பாடு செய்த காரியங்களில் ஒன்று, 1959-ம் வருஷத்துப் பாஸ்மனை அப்படியே நகல் எடுத்து மறுபடியும் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

லியோ உயிரோடு, சில மைல் தூரத்தில், வேறு கம்பெனியின் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். பழைய பெட்டிகளுக்கு ஜனங்கள் கொடுக்கும் விலை அவருக்கு வியப்பாக இருந்ததாம். தாம் இப்போது செய்து கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது அவர் கட்சி. அதற்காக யாரோடும் வாதம் செய்ய மாட்டார். அதிகம் பேசுகிறவர் அல்ல. சட்டைப் பையில் சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும்.

நடுக்கு வாத நோய் வந்தது. கை நடுங்கியது. பேச்சும் குழறியது. அப்போதும் தினம் பட்டறைக்கு வந்தார். 1991-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதியும் வந்து வேலை செய்தார். மறுநாள் காலமானார். வயது 81. அவர் உட்கார்ந்த அறையில் கருவிகளும் பாதி செய்த பாகங்களும் கிடந்த இடத்திலேயே இருக்கும்படி விட்டு, கம்பெனியார் கதவைப் பூட்டினார்கள்.